50,000-க்குக் கீழ்தானே என்று கிளம்பிய குட்டி யானை

ஓசூரில் பிரஸ் ஷாப் (தகட்டை அழுத்தி உதிரிபாகம் செய்யும் பட்டறை), பிளேட்டிங் (முலாம் பூச்சு) பெங்களூரு பீனியாவில் என்று ஓட்டுகிறவர்கள் முதலில் இதை டிஸ்பாட்ச் மேஜைக்கு மேலே ஒட்டி வையுங்கள்: மாநிலம் தாண்டி ஜாப் வொர்க்குக்கு (நம் சரக்கை வெளியே கொடுத்து வேலை செய்து வாங்குவது) போகும் சரக்குக்கு வழக்கமான 50,000 ரூபாய் வரம்பு கிடையாது. 500 ரூபாய்ச் சரக்கானாலும் இ-வே பில் (சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) வேண்டும். ஜிஎஸ்டி விதி 138-லேயே இது தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அனுப்பும் கம்பெனி எடுக்கலாம், அல்லது ஜிஎஸ்டி பதிவுள்ள ஜாப் வொர்க்கர் எடுக்கலாம். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் வரை தேவையில்லை என்றே பழகிய டிஸ்பாட்ச் ஆட்களுக்கு இது கண்ணில் படுவதில்லை. மாதக்கணக்கில் யாரும் கேட்காமல் வண்டி போய்வந்துகொண்டிருக்கும். கேட்கிற அன்றைக்குத்தான் தெரியும்.

எங்கள் குட்டி யானை வண்டியை ஜிஎஸ்டி அதிகாரி மறித்த அன்று உள்ளே இருந்தது 9,000 பிராக்கெட், சலானில் (சரக்கோடு போகும் அனுப்புச் சீட்டு) மதிப்பு 38,000. "விற்பனையே இல்லை சார், பிளேட்டிங் முடிந்து எங்களிடமேதான் திரும்பி வரும்" என்று போனில் எவ்வளவு சொல்லியும் அந்த அதிகாரி காதில் வாங்கவில்லை. பிரிவு 129-ன்படி சரக்கின் சொந்தக்காரர் முன்வந்தால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். 18 சதவீதத்துக்கு வரி 6,840, அபராதம் 13,680. அவசரமாக அங்கேயே ஒரு இ-வே பில் எடுத்து அனுப்பலாம் என்று தோன்றும். அதில் எடுத்த நேரம் பதிந்திருக்கும். மறித்த நேரத்துக்குப் பிந்தையது என்பதால் அது எடுபடவில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 2018 செப்டம்பர் 14-ல் வந்த 64-ம் எண் சுற்றறிக்கை சில சின்னப் பிழைகளுக்கு மத்திய வரியில் 500, மாநில வரியில் 500 என்று மொத்தம் 1,000 ரூபாயோடு விடச் சொல்கிறது. ஜிஎஸ்டி எண் சரியாக இருந்து பெயரில் எழுத்துப்பிழை, சலான் எண்ணில் ஒன்றிரண்டு இலக்கம் தவறு, வண்டி எண்ணில் ஒன்றிரண்டு இலக்கம் தவறு மாதிரியானவை இதில் வரும். அதனால் இப்படிப்பட்ட பிழைக்கு 200 சதவீதம் கேட்டால் அந்தச் சுற்றறிக்கையை நீட்டலாம். பில்லே இல்லாத வண்டிக்கு அது உதவாது.

ஓட்டுநரிடம் முதலில் கையெழுத்து வாங்குவது எம்ஓவி-01, அதாவது அவருடைய வாக்குமூலம். கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைப் படம் எடுத்து கம்பெனிக்கு அனுப்பச் சொல்லிப் பழக்குங்கள். அடுத்து எம்ஓவி-02, சரக்கைப் பிரித்துப் பார்க்கும் ஆணை. எங்களுக்கு இங்கேதான் இரண்டாவது சிக்கல். சலானில் "9,000 நம்பர்" என்று இருந்தது. கிரேட்டுகளோ எடை போட்டு நிரப்பியவை. நடுரோட்டில் 9,000 பிராக்கெட்டை யார் எண்ணுவது? பணம் கட்டி, வண்டியை விடுவிக்கும் ஆணையான எம்ஓவி-05 கைக்கு வந்து வண்டி நகர்வதற்குள் பிளேட்டிங் கடையில் எங்கள் பேட்ச் வேறொருவருக்குப் போய்விட்டது. 13,680 ரூபாயைவிட அதுதான் வலித்தது.

ஏன் இப்படி ஆனது என்று டிஸ்பாட்சைப் பார்த்தால் வேலை நடக்கிற வரிசையிலேயே கோளாறு. மாலையில் வண்டி வரும், ஏற்றுவார்கள், ஏற்றிய பிறகு எண்ணிக்கை, அதன் பிறகு சலான், ஓட்டுநர் ஹாரன் அடிக்க ஆரம்பித்த பிறகு இ-வே பில். அந்த நேரத்தில் "இது 50,000-க்குக் கீழ், வேண்டாம்" என்பது எல்லோருக்கும் வசதியான பதில். எல்லா வேலையும் ஏற்றுவதற்குப் பின்னால் போய்க் குவிந்திருந்தது.

இப்போது சலானும் இ-வே பில்லின் பார்ட் ஏ-வும் (சரக்கு விவரம்) மதியம் 2 மணிக்கே தயார். அதற்கு வண்டி எண் தேவையில்லை. சப்ளை வகை 'அவுட்வர்ட்', துணை வகை 'ஜாப் வொர்க்', ஆவணம் 'டெலிவரி சலான்'. இதில் 'சப்ளை' என்று விட்டுவிட்டால் பிறகு திருத்த முடியாது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து புதிதாக எடுக்க வேண்டியதுதான். வண்டி உள்ளே நுழைந்ததும் செக்யூரிட்டி நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து அனுப்புகிறார். ஏற்றுகிற நேரத்துக்குள் பார்ட் பி (வண்டி விவரம்) போட்டாகிவிடுகிறது.

கேட்டில் பார்க்க வேண்டியவை: இ-வே பில்லின் 12 இலக்க எண், வண்டி எண், சலான் எண், எந்த நேரம்வரை செல்லும் என்பது. தலைப்பில் 'பார்ட் ஏ ஸ்லிப்' என்று அச்சாகியிருந்தால் கேட் திறக்கக் கூடாது. அந்தத் தாளிலும் எண் இருக்கும், க்யூஆர் இருக்கும், பார்ப்பதற்குப் பில் மாதிரியே இருக்கும். பார்ட் பி இல்லாமல் அது பில் ஆகாது. இதை நம்பி மாட்டிக்கொண்டவர்கள் ஓசூரில் நிறைய. வழியில் வண்டி மாறினாலும் பார்ட் பி-யை மாற்ற வேண்டும். டிரான்ஸ்போர்ட்டர் ஐடி போட்டிருந்தால்தான் அதை அவர்களே செய்ய முடியும்.

சனிக்கிழமை மாலை லோடு தனி வில்லங்கம். 200 கிலோமீட்டர் வரை ஒரு நாள் செல்லுபடி. சனிக்கிழமை எடுத்தது ஞாயிறு நள்ளிரவோடு முடிகிறது. பிளேட்டிங் கடை ஞாயிறு மூடியிருந்து வண்டி வெளியே நின்றால், திங்கள் காலை கையில் காலாவதியான பில். நீட்டிக்க முடிவதற்கு 8 மணி நேரம் முன்பும் பின்பும் மட்டுமே, அதாவது ஞாயிறு மாலை 4 முதல் திங்கள் காலை 8 வரை. அதற்காக ஒருவர் விழித்திருப்பதைவிட, சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு லோடே வேண்டாம் என்று நிறுத்திவிட்டோம்.

எண்ணிக்கைச் சிக்கலுக்கு ஒரு பீஸை எடை போட்டுக் கணக்கிடாதீர்கள். தராசின் பிழை 9,000 மடங்காகப் பெருகும். 100 பீஸ் போட்டு வகுங்கள். எங்கள் பிராக்கெட் 42 கிராம், கிரேட்டுக்கு 600, நிகர எடை 25.2 கிலோ. காலி கிரேட்டின் எடையை அதன் மேலேயே பெயிண்டில் எழுதிவிட்டோம். சலானில் 15 கிரேட், 9,000 நம்பர், 378 கிலோ என்று மூன்றும் வருகிறது. கிரேட்டுக்கு ஒரு டேக் இருப்பதால் எந்த அதிகாரியும் ஒன்றைத் தூக்கி எடை பார்த்தால் போதும்.

இதன் பெரிய பலன் ஐடிசி-04 தாக்கலில், அதாவது ஜாப் வொர்க்குக்குப் போனதையும் திரும்பியதையும் காட்டும் ஜிஎஸ்டி படிவத்தில். 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு அரையாண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் 25, ஏப்ரல் 25 என்று கெடு. நம்பரில் அனுப்பியதை ஜாப் வொர்க்கர் கிலோவில் திருப்பினால் அது டேலி ஆகவே ஆகாது. ஆகாத மீதி ஒரு வருடம் தாண்டினால், அனுப்பிய தேதியிலேயே விற்றதாகக் கருதி வரியும் வட்டியும் வரும். டை, ஜிக், ஃபிக்ஸ்சர் மாதிரியான கருவிகளுக்கு அந்தக் காலக்கெடு இல்லை.

திரும்பி வரும் சரக்குக்கும் மதிப்பு பார்க்காமல் பில் எடுத்துவிடுகிறோம். அதுவரைக்கும் சரி. பிளேட்டிங் கடைக்காரர் மட்டும் இன்னும் சலானில் கிலோவை மட்டும்தான் எழுதுகிறார்; நம்பர் எழுதாத சலானை எங்கள் ஸ்டோர்ஸ் வாங்குவதில்லை.