பழைய சில்வராடோவின் மீட்டர் கிளஸ்டர்: முள் கோளாறும் டிஸ்பிளே கோளாறும்

2003 முதல் 2006 வரை வந்த செவர்லே சில்வராடோ, ஜிஎம்சி சியரா டிரக்குகளில் கிளஸ்டர், அதாவது டேஷில் எல்லா மீட்டரும் சேர்ந்திருக்கும் பெட்டி, இரண்டு விதமாகப் படுத்தும். வண்டி நிற்கும்போதே ஸ்பீடோமீட்டர் முள் 40-ல் நிற்கும். அல்லது ஓடோமீட்டரையும் கியர் நிலையையும் காட்டும் சின்ன டிஸ்பிளே இருண்டுபோகும். உள்ளே சர்க்யூட் போர்டு ஒன்றுதான், நோய் வேறு.

முள் தப்பாகக் காட்டினால் உடனே சென்சாரை மாற்றப் போகாதீர்கள். ஸ்கேனரைச் செருகி எஞ்சின் கம்ப்யூட்டர் சொல்லும் வேகத்தைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் முள்ளைத் திருப்பும் ஸ்டெப்பர் மோட்டார்தான் குற்றவாளி. மாற்று மோட்டார் எக்ஸ்27.168. பெட்ரோல் வண்டிக்குப் பொதுவாக ஆறு வேண்டும். டிரான்ஸ்மிஷன் சூடு காட்டும் மீட்டரும் இருந்தால் ஏழு. ஒன்று போயிருந்தால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்று வைத்து மொத்தமாக மாற்றிவிடுவது நல்லது. மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளை மல்டிமீட்டரில் அளந்தால் சுமார் 280 ஓம் காட்ட வேண்டும். ஆனால் 280 காட்டினாலே மோட்டார் நல்லது என்று ஆகாது. உள்ளே பல்சக்கரம் தேய்ந்து வழுக்குவதை மல்டிமீட்டர் கண்டுபிடிக்காது.

கழற்றுவது சுலபம். ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து, ஸ்டியரிங்கைத் தாழ்த்தி, கியர் லிவரைக் கடைசிவரை இறக்குங்கள். பிறகு சாவியை அணைத்து பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். முன்சட்டம் கிளிப்பில்தான் நிற்கிறது, இழுத்தால் வரும். கிளஸ்டரைப் பிடித்திருப்பவை 7 மி.மீ. தலையுள்ள நான்கு திருகுகள். பின்னால் ஒரே ஒரு கனெக்டர்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது முள்ளைக் கழற்றும்போதுதான். கெட்ட மோட்டாரில் முள் இப்போது எங்கே நிற்கிறதோ அதைக் குறித்து வைப்பதில் பயனில்லை. ஒவ்வொரு முள்ளையும் இடஞ்சுழியாக மெதுவாகத் திருப்பினால் மோட்டாருக்குள் உள்ள தடையில் முட்டி நிற்கும். அந்த இடத்தில் டயலின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக் கோடு போடுங்கள். ஸ்பீடோமீட்டரில் அது பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேகூட வரலாம், பயப்பட வேண்டாம். டயலில் கீறல் விழாமல் ஒரு அட்டையை வைத்து, இரண்டு பக்கமும் ஸ்பூன் கொடுத்து நேராக நெம்புங்கள்.

ஒவ்வொரு மோட்டாரிலும் நான்கு கால்கள். எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஈயம் லேசில் உருகாது. கொஞ்சம் புது ஈயம் சேர்த்து, சுமார் 350 டிகிரி செல்சியஸில் உருக்கி, பம்பால் உறிஞ்சுங்கள். கால் விடுபடுவதற்கு முன் இழுத்தால் போர்டின் செப்புத் தடமும் கூடவே பிய்ந்து வரும். புது மோட்டாரைத் தடைவரை திருப்பி, முள்ளைப் பழைய கோட்டில் வைத்து அழுத்துங்கள். ரொம்ப அழுத்தினால் முள் டயலில் உரசி அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி போதும். டயல் விளக்குகளும் போர்டில் ஈயம் வைத்தவைதான். மங்கியிருந்தால் இதோடு மாற்றிவிடுங்கள், இன்னொரு முறை பிரிக்கிற வேலை மிச்சம்.

டிஸ்பிளே கதை வேறு. டேஷைத் தட்டினால் ஒளி வந்து வந்து போகிறதா? அப்படியானால் ஈயப் பற்றில் விரிசல். டிஸ்பிளேயின் கால்கள், கனெக்டர் பின்கள், பக்கத்தில் சூடேறும் ரெசிஸ்டர்கள் எல்லாவற்றுக்கும் ஈயம் நன்றாகப் பற்ற உதவும் ஃபிளக்ஸ் தடவி மறுபடி ஈயம் வையுங்கள். இது வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகை. அதன் கால்களை வளைத்தால் கண்ணாடி விரிசல் விட்டுக் காற்றுப் புகுந்துவிடும். கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளிப் பூச்சு போல ஒரு புள்ளி இருக்கும். அது பளபளவென்று இருக்கும்வரை நம்பிக்கை உண்டு. பால் போல வெளுத்திருந்தால் வெற்றிடம் போய்விட்டது, ஈயம் வைத்துப் பயனில்லை.

அப்போது பழைய கிளஸ்டர் ஒன்றை வாங்கி மாட்டலாம் என்று தோன்றும். ஆனால் மைல் கணக்கு கிளஸ்டருக்குள்தான் இருக்கிறது. மாற்றினால் இன்னொரு வண்டியின் ஓட்டம் உங்கள் வண்டியில் ஏறிவிடும். அமெரிக்கச் சட்டப்படி பழைய மைலையே காட்டும்படி அமைக்க முடியாவிட்டால் ஓடோமீட்டரைப் பூஜ்யத்தில் வைத்து, முந்தைய மைலையும் மாற்றிய தேதியையும் எழுதி இடது கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும்.