பால் சுரந்ததா என்று யாரும் கேட்கவில்லை

அரசு மருத்துவமனையில் ஓ.பி. பார்த்தவர்களுக்குத் தெரியும், காலையிலிருந்து மதியத்துக்குள் "அசதியா இருக்கு டாக்டரம்மா" என்பதை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்போம் என்று. ரத்தம் பார்ப்போம், சர்க்கரை பார்ப்போம், சத்து மாத்திரை எழுதுவோம், அடுத்த ஆள். 2011இல், பொது மருத்துவத்தில் பி.ஜி. இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, அப்படி அசதி என்று வந்த ஒரு அம்மாவிடம் நான் செய்த தவறு இன்றுவரை கேஸ் எடுக்கும்போதெல்லாம் என்கூடவே வருகிறது.

அவருக்கு 42 வயது. வெளிறிய முகம், கொஞ்சம் ஊதியிருந்தது, பேச்சு இழுத்து இழுத்து வந்தது, மே மாத வெயிலில் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தைராய்டு குறைவு என்று பார்த்ததுமே முடிவு செய்துவிட்டேன். பரிசோதனையிலும் தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 குறைவாகத்தான் வந்தது, ஆனால் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். 2.1, அதாவது நார்மல். அந்த எண்ணைப் பார்த்து நான் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். கழுத்தில் இருக்கும் தைராய்டு கெட்டால், மேலே தலைக்குள் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி "இன்னும் சுர, இன்னும் சுர" என்று டி.எஸ்.எச்.சைக் கூட்டிக்கொண்டே போகும். டி4 குறைந்தும் டி.எஸ்.எச். ஏறவில்லை என்றால் கோளாறு கழுத்தில் இல்லை, தலைக்குள் இருக்கிறது. இது பாடத்தில் படித்ததுதான், பரீட்சையில் எழுதியதுதான். ஆனால் பின்னால் ஐம்பது பேர் வரிசையில் நிற்கும்போது அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. தைராய்டு மாத்திரையான தைராக்ஸின் 100 மைக்ரோகிராம் எழுதி, ஒரு மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பினேன்.

ஒன்பதாவது நாள் ராத்திரி அவரை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு நாளாக வாந்தி, கூப்பிட்டால் முனகல் மட்டும். பி.பி. 70க்கு 40, சர்க்கரை 52, ரத்தத்தில் உப்பான சோடியம் 114, எல்லாமே ஆபத்தான குறைவு. நான் குளுக்கோஸ் ஏற்றினேன், சலைன் ஏற்றினேன், தொற்று இருக்கும் என்று ஆன்டிபயாட்டிக்கும் போட்டேன். பி.பி. ஏறவே இல்லை. கடைசியில் பயந்துபோய் யூனிட் சீஃபுக்கு போன் செய்தேன், அவர் அந்த நேரத்திலும் கிளம்பி வந்தார்.

அவர் செய்தது இரண்டே காரியம். அந்த அம்மாவின் கையைத் தூக்கி அக்குளைப் பார்த்தார், அங்கே ஒரு முடிகூட இல்லை. அப்புறம் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த வயதான தாயிடம் குனிந்து, "ஏம்மா, கடைசிப் புள்ளைக்கு இவங்க பால் குடுத்தாங்களா?" என்று கேட்டார். அந்தப் பாட்டி எங்களை ஒரு மாதிரி பார்த்தார், சாகக் கிடக்கிறவளைப் பற்றி இது என்ன கேள்வி என்பது போல. "எங்கய்யா பால் வந்துச்சு? வீட்லதான் பிரசவம். கொட்டுன ரத்தத்துல பாயைத் தூக்கிப் போட்டோம். புள்ள மாட்டுப் பால்லதான் வளந்துச்சு. அதோட தீட்டும் நின்னுபோச்சு இவளுக்கு."

அந்தப் பிரசவம் நடந்தது 1994இல். பதினேழு வருடத்தில் எத்தனையோ டாக்டர்களைப் பார்த்திருக்கிறார்கள், ரத்தசோகை என்று மாத்திரை வாங்கியிருக்கிறார்கள், ஒரு கோயில் விடாமல் நேர்ந்திருக்கிறார்கள். பால் சுரந்ததா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஒன்பது நாளைக்கு முன்னால் நானும் கேட்கவில்லை.

இதற்கு ஷீஹான் சிண்ட்ரோம் என்று பெயர், 1937இல் ஹரால்ட் ஷீஹான் என்ற ஆங்கிலேய நோயியல் மருத்துவர் விவரித்தது. பிட்யூட்டரி ஒரு பட்டாணி அளவுதான், அரை கிராம் எடை, மூக்குக்குப் பின்னால் மூளைக்கு அடியில் எலும்பில் ஒரு சின்னக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. கர்ப்ப காலத்தில் அது பருக்கும், ரத்தத் தேவையும் கூடும், ஆனால் குழி பெரிதாகாது. அந்த நேரத்தில் பிரசவத்தில் ரத்தம் அளவுக்கு மீறிப் போய் பி.பி. விழுந்தால் சுரப்பிக்கு ரத்தம் போகாமல் அதன் முன்பகுதி செத்துவிடும். முதலில் பால் சுரக்காது, மாதவிலக்கு திரும்பி வராது, முடி உதிரும், பிறகு தைராய்டும், நெருக்கடியில் உடம்பைத் தாங்கும் அட்ரினல் ஹார்மோனான கார்டிசோலும் மெல்ல மெல்லக் குறையும். இப்படி வருடக்கணக்கில் இழுக்கும். அந்தப் பெண்ணுக்கு அசதியே பழகிவிடும், வீட்டில் இருக்கிறவர்கள் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்துவிடுவார்கள், எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் கொடுமையாகத் தெரிகிறது.

இனி என் தவறு. கார்டிசோல் மிகக் குறைவாக இருக்கிற உடம்புக்கு முதலில் தைராக்ஸின் கொடுத்தால் உடம்பின் வேகம் கூடும், மிச்சம் மீதி இருக்கும் கார்டிசோலும் சீக்கிரம் கரையும், பி.பி. விழுந்து உயிருக்கே ஆபத்தாகும் அட்ரினல் நெருக்கடி வரும். முதலில் கார்டிசோலுக்கு ஈடான ஸ்டீராய்டு, பிறகுதான் தைராய்டு மாத்திரை. வரிசையை மாற்றி எழுதினேன், ஒரு உயிர் போகப் பார்த்தது.

சீஃப் கார்டிசோலுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார், ஆனால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. சிஸ்டர் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டின் 100 மி.கி. குப்பியை எடுத்துவந்தார், அடியில் வெள்ளைப் பொடி, தண்ணீர் விட்டு உள்ளங்கையில் உருட்டி உருட்டிக் கரைத்தார், பொடி கரைந்து தெளிகிறவரை அந்தக் குப்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன். நரம்பில் போட்டோம், சலைன் ஓடிக்கொண்டிருந்தது. விடியும்போது பி.பி. 100ஐத் தாண்டியிருந்தது. காலை ரவுண்ட்ஸில் நான் போனபோது அந்த அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். "பசிக்குது டாக்டரம்மா, இப்படிப் பசிச்சு எவ்வளவு நாளாச்சு" என்றார். நான் பதில் சொல்லவில்லை, பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். நாலு நாள் கழித்து ரிசல்ட் வந்தது, கார்டிசோல் 1.2. அத்தனை பெரிய நெருக்கடியில் ஒரு உடம்பு அதைப்போல பல மடங்கு சுரந்திருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் பிட்யூட்டரி இருக்க வேண்டிய குழி ஏறக்குறைய காலி.

அந்தக் கேஸுக்கு நேர் எதிராக இன்னொருவர், சுமை தூக்கும் தொழிலாளி, ஐம்பது வயதிருக்கும். எடை குறைந்துகொண்டே போகிறது, எழுந்து நின்றால் கிறுகிறுப்பு. கறுத்துப்போய்விட்டார் என்று மனைவி சொன்னதற்கு, வெயிலில் மூட்டை தூக்குகிறவர் கறுக்கத்தானே செய்வார் என்று கூட வந்தவரே பதில் சொல்லிவிட்டார். நம் நிறத்தில் இது ஒரு சிக்கல்தான். நான் அவருடைய வாக்காளர் அட்டையை வாங்கி அந்தப் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன், பிறகு வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறில் மை பூசியதுபோல் திட்டுத் திட்டாகக் கறுப்பு, உள்ளங்கை ரேகைகளிலும் கறுப்பு, வெயில் அங்கெல்லாம் படாது. சாப்பாட்டில் என்ன பிடிக்கிறது என்று கேட்டால், ஊறுகாயை வெறுமனே தின்கிறார், மோரில் உப்பை அள்ளிப் போடுகிறார் என்றார் மனைவி.

அடிசன் நோய். இங்கே பிட்யூட்டரி நன்றாக இருக்கிறது, சிறுநீரகத்துக்கு மேல் தொப்பி மாதிரி இருக்கும் அட்ரினல் கெட்டுவிட்டது. பிட்யூட்டரி அட்ரினலைத் தூண்டும் ஏ.சி.டி.எச்.சை அள்ளி அனுப்பிக்கொண்டே இருக்கும், அது தோலின் நிறத்தையும் கூட்டிவிடும். அதனால் இவர் கறுத்தார், அந்த அம்மா வெளிறினார், இருவருக்கும் இல்லாதது அதே கார்டிசோல். உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டீரோனும் இவருக்கு இல்லை, அதனால்தான் ஊறுகாய். 1855இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் எழுதிய நோயாளிகளில் பலருக்கு அட்ரினலைக் கெடுத்தது காசநோய். மேலை நாடுகளில் இன்று அது அரிது, நம் ஊரில் அப்படி இல்லை. இவருக்கும் காசநோய்தான். அதில் ஒரு கண்ணியும் இருக்கிறது, காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கார்டிசோலை வேகமாகக் கரைத்துவிடும், ஸ்டீராய்டு அளவைக் கூட்டாமல் காசநோய் மாத்திரையை ஆரம்பித்தால் ஆள் விழுந்துவிடுவார். ஏற்கெனவே ஒருமுறை வரிசை தவறியவள் என்பதால் அன்று மருந்துச் சீட்டை மூன்று முறை படித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

இந்த இரண்டும் அரிது. வாராவாரம் பார்ப்பது வேறு. மெடிக்கல் ஷாப்பில் "மூட்டு வலிக்கு ஒரு செட் குடுங்க" என்று வாங்கிய மாத்திரை, வெயிட் போடுவதற்கென்று வாங்கிய மாத்திரை, இழுப்புக்கு யாரோ கொடுத்த பொடி. உள்ளே டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஏதாவது ஸ்டீராய்டு இருக்கும். முகம் உருண்டையாகும், வயிற்றில் சிவப்பு ஊதாக் கோடு விழும், கை கால் மெலியும், தோல் லேசாகத் தட்டினாலே கன்றிப்போகும். வாரக்கணக்கில் வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தால் சொந்த அட்ரினல் தூங்கிவிடும். அப்புறம் யாராவது "ஐயையோ, ஸ்டீராய்டா? உடனே நிறுத்து" என்பார்கள், அந்த நல்லெண்ண வார்த்தைதான் ஆளை ஐ.சி.யூ.வில் சேர்க்கிறது. தயவுசெய்து திடீரென்று நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் காட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். இதை நான் ஓ.பி.யில் தொண்டை கட்டும்வரை சொல்கிறேன்.

அந்த அம்மாவுக்கு டிஸ்சார்ஜ் அன்று ஒரு அட்டையில் தமிழில் எழுதி லேமினேட் செய்து கொடுத்தேன். "இவர் ஸ்டீராய்டு மாத்திரையை ஆயுள் முழுவதும் நிறுத்தக் கூடாது. காய்ச்சல் என்றால் அளவை இரண்டு மடங்காக்க வேண்டும். வாந்தி, விபத்து, ஆபரேஷன் என்றால் உடனே ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. ஊசி." சுருக்குப் பையில் வெற்றிலையோடு வைத்திருக்கிறார். ஒருமுறை ஊர்த் திருவிழாவில் வயிற்றுப்போக்கு வந்து பக்கத்து ஊர் மருத்துவமனையில் அந்த அட்டையைக் காட்டியே பிழைத்து வந்தார், ஓரத்தில் சுண்ணாம்புக் கறை படிந்திருந்ததால் புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தேன்.

இப்போது கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான், குழந்தை வெளியே வந்ததும் ரத்தப்போக்கைக் குறைக்க ஆக்ஸிடோசின் ஊசி போடுகிறார்கள், ரத்தமும் கிடைக்கிறது. ஆனால் அன்று வீட்டில் பெற்றவர்கள் இன்று ஐம்பது, அறுபது வயதில் நம் ஓ.பி. வரிசையில்தான் நிற்கிறார்கள். அதனால் என் யூனிட்டுக்கு வரும் ஒவ்வொரு ஹவுஸ் சர்ஜனிடமும் இந்தக் கதையை, என் தவறையும் சேர்த்து, சொல்லிவிடுவேன்.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு போன். "மேடம், 58 வயசு அம்மா, சோடியம் 112, பி.பி. ஏறலை. அந்தக் கேள்வியைக் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"மூணாவது பிரசவத்துல ரத்தம் நிறையப் போச்சாம். பால் வரலையாம்."

"ஊசி?"

"கார்டிசோலுக்கு ரத்தம் எடுத்துட்டுப் போட்டுட்டேன் மேடம். தைராய்டு மாத்திரை இன்னும் எழுதலை."