அடித்து எழுதிய சீட்டு

பள்ளி ஆலோசகர் வேலையில் பதின்பருவக் காதல் அன்றாடச் சமாச்சாரம். ஆனால் மாடிப்படியோரம் நின்று பேசும் ஜோடிகளைப் பற்றி ஆசிரியர்கள் என்னிடம் புகார் கொண்டுவருவது அபூர்வம். அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் ஒரே வாரத்தில் மூன்று புகார்கள். "யாரோ ஒரு பையனோடு சுற்றுகிறாள். வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்."

அவள் திருநங்கை. அவள் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர் வகுப்பு முழுக்கப் பழகிவிட்டது. வீட்டில் இன்னும் தெரியாது. காதலைப் பற்றிச் சொல்லப் போனால் மற்றதும் சேர்ந்தே உடையும். அதைச் சொல்லும் உரிமை அவளுடையது. ஆகவே தொலைபேசியைத் தொடவில்லை. அதற்காக என்னைப் பாராட்டிக்கொள்ள வழியில்லை, அடுத்துச் செய்தது அப்படி.

அவளை அழைக்கச் சீட்டு எழுதி, எதிரே வந்த மாணவன் ஒருவனிடம் கொடுத்தேன். வாசலிலேயே நின்று படித்தான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். சீட்டைச் சுவரில் வைத்து, நான் பதிவேட்டைப் பார்த்து எழுதிய பழைய பெயரை ஓர் எழுத்தும் தெரியாதபடி அடித்தான். மேலே அவள் பெயரை எழுதினான். "இதைக் கொடுக்கிறேன் டீச்சர்" என்றான். காது மடல் சிவந்திருந்தது. பல வருட அனுபவசாலி நான், அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அவள் வருவதற்குள் பாடக் குறிப்புகளைப் புரட்டினேன். நான் படித்த நூல்களில் திருநங்கையாக இருப்பது மனநோய்ப் பட்டியலில் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் மனநோய் அத்தியாயத்திலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். அடையாளம், தன்மதிப்பு, சமூகம் என்று பேசுவதற்கு ஒரு மூட்டையே கட்டி வைத்திருந்தேன்.

அவள் உட்கார்ந்ததும் அழுதாள். "அவன் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை டீச்சர். கணக்குத் தேர்வில் நான் அவனைவிட நாலு மதிப்பெண் அதிகம் வாங்கிவிட்டேனாம்."

மூட்டையைப் பிரிக்காமல் மேசைக்கடியில் தள்ளிவிட்டேன்.

"சீட்டை யார் கொண்டுவந்து கொடுத்தது?" என்றேன்.

"அவன்தான். ஒன்றும் பேசாமல் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்."

சீட்டைப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். வெகு நேரம் பார்த்தாள். அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியும்.

அழைப்புச் சீட்டுகளைக் கோப்பில் சேர்ப்பது வழக்கம். கேட்டேன். அவள் தரவில்லை.