வளைகுடா வேலைக்குக் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி

தொண்டி, கீழக்கரை, பாம்பன் பக்கம் ஆள் எடுக்க வர்றவர்கிட்ட "முதலாளி பேரு என்ன?"ன்னு கேளுங்க. "அங்க போனதும் தெரியும்"னு சொன்னா மனசுல ஒரு நெருடல் வரும். அதை ஒதுக்கிடாதீங்க.

ஏஜென்ட்டோட உரிம எண்ணை வாங்கி, வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசோட இ-மைகிரேட் தளத்துல போட்டுப் பாருங்க. சப்-ஏஜென்ட்டுக்கு 1983 குடியேற்றச் சட்டத்துல இடமே இல்லை. சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், மேல ஜிஎஸ்டி. ரசீது இல்லாம லட்சக்கணக்குல கேட்டா பேச்சை அங்கேயே முடிச்சுக்கலாம்.

பெரிய வில்லங்கம் விசிட் விசா. பத்தாவது தேறாதவங்க பாஸ்போர்ட் பெரும்பாலும் ஈசிஆர் (குடியேற்றச் சோதனை தேவை) வகை. அவங்க வளைகுடாவுக்கு வேலைக்குப் போக அரசோட குடியேற்ற அனுமதி வேணும். "விசிட்ல போங்க, அங்க மாத்திக்கலாம்"ங்கிறது அந்த அனுமதியைத் தாண்டத்தான். அந்த அனுமதியோட வர்ற, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான பிரவாசி பாரதிய பீமாவின் 10 லட்சம் ரூபாய்க் காப்பீடும் அதோட போச்சு.

மீன்பிடி வேலைன்னா மாதச் சம்பளமா, பங்கான்னு ஒப்பந்தத்துல பாருங்க. பங்குன்னா டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு யாரு தலையிலன்னு எழுத்துல வாங்குங்க. மீன் படாத வாரத்துல கடன் ஏறுறது இந்த இடத்துலதான்.

ஒரிஜினல் பாஸ்போர்ட்டை முன்கூட்டியே கேட்டா நகல் மட்டும் கொடுங்க. விசாவைக் கொண்டு வர்றது சொந்த மச்சானே ஆனாலும் (பாதி வில்லங்கம் அப்படித்தான் வருது) இதே சோதனைதான்.