வீதிப் பக்கச் சுவரில் ஒரு வால்வு

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் இருந்தது. கிணறு, துலா, பிறகு வந்த மோட்டார், உயரத்தில் ஒரு தாங்கி. எங்காவது ஒழுகினால் கிணற்றடி ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். வேலை தெரிந்த ஒருவர் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் தண்ணீர் சுவருக்குள்ளும் கூரைப் பலகைக்கு மேலும் மறைந்து ஓடுகிறது. முதற் குளிர்காலத்து மாசி மாதம் வரும்வரை, அது எந்த வழியாக ஓடுகிறது என்று நான் யாரையும் கேட்கவில்லை.

ஒரு வாரக் கடுங்குளிர் தணிந்து வெயில் எறித்த நாள் அது. வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கிறேன், பேஸ்மென்ட்டில் மழை பெய்யும் சத்தம். அம்மா படியில் நின்று "கீழே தண்ணீர், பிள்ளை, கீழே தண்ணீர்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கீழே அறைக் கூரையை மூடிய ஜிப்சம் பலகை நிறைமாத வயிறுபோலத் தொங்கியது. எதிர்வீட்டு ஐயாவை ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் இருபது வருடம் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே வந்து, "பிள்ளை, மெயின் வால்வு எங்கே?" என்றார். தெரியவில்லை. "தண்ணீர் மீட்டர்?" அதுவும் தெரியவில்லை.

அவர் வீதிப் பக்கச் சுவரை நோக்கி நேரே நடந்தார். வீதியிலிருந்து வரும் குழாய் பெரும்பாலும் அந்தப் பக்கத்தால்தான் வீட்டுக்குள் நுழையும். மூன்று அரிசிப் பைகளையும் இரண்டு பழைய சூட்கேஸ்களையும் இழுத்துப் போட்ட பிறகு மீட்டர் தெரிந்தது, அதை ஒட்டி வால்வும் தெரிந்தது. அவர் திருகினார். மழை நின்றது.

அதனால்தான் புதிதாக வீடு எடுக்கும் எல்லோரிடமும், வாடகை பேஸ்மென்ட்டுக்குப் போகிறவர்களிடமும் கூட, பால் காய்ச்சுகிற அன்றைக்கே அந்த வால்வைத் தேடிப் பிடியுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். நீளமான கைப்பிடி உள்ளது என்றால் கால் சுற்றுப் போதும். கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது, குழாயோடு நீளவாக்கில் நின்றால் திறந்திருக்கிறது. வட்டச் சக்கரம் என்றால் கடிகார முள் போகும் திசையில் திருக வேண்டும். பல வருடம் தொடாத சக்கரம் இறுகிப் போயிருக்கும். அதை முரட்டுத்தனமாகத் திருப்ப வேண்டாம், தண்டு முறிந்தால் பெரிய வேலையாகிவிடும். அப்படி இறுகியதை அவசரம் இல்லாத நாளில் பிளம்பரைக் கொண்டு மாற்றிவிடுவது நல்லது. வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும், பத்து வயதுப் பிள்ளையும்கூட, அது எங்கே என்று கைநீட்டிக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

வால்வை மூடியதும் ஐயா அந்த அறைக்குரிய மின்சார பிரேக்கரை நிறுத்தினார். பிறகு தொங்கிய பலகையின் நடுவில் வாளியைப் பிடித்துக்கொண்டு ஸ்குரூ டிரைவரால் ஒரு துளை போட்டார். எனக்கு நெஞ்சு பதறியது. ஆனால் துளை போடாமல் விட்டிருந்தால் தேங்கிய தண்ணீரின் பாரத்தில் முழுப் பலகையும் தலையில் விழுந்திருக்கும். இரண்டு வாளி நிறைந்தது.

மறுநாள் பிளம்பர் வெட்டி எடுத்த செப்புக் குழாயை இன்னும் வைத்திருக்கிறேன். விரல் நீளத்துக்குப் பிளந்து, ஓரங்கள் வெளியே மடிந்து, வாய் திறந்த மீன்போல இருக்கிறது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது. செப்பும் அதற்கு ஈடுகொடுக்காது. முற்றத்துக் குழாய்க்குப் போகும் பைப் அது. இலையுதிர்காலத்தில் அதில் மாட்டிய நீளமான தோட்டக் குழாயைக் கழற்றாமல் விட்டிருந்தோம், உள்ளே அதற்கென்று இருந்த தனி வால்வையும் மூடவில்லை. உறைந்திருந்தவரை பனிக்கட்டியே அடைப்பாக நின்றது. உருகியதும் கொட்டியது.

கூரையைச் சரிசெய்ய ஆள் கேட்ட கூலியில் ஒரு மாத வீட்டுக் கடனின் பாதியைக் கட்டலாம். ஐயா பக்கத்தில் நின்று சொல்லித்தர நானே செய்தேன். ஈரமான பலகையை, ஒரு மரச் சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்த சட்டத்தின் நடுவரை சதுரமாக வெட்டி எடுக்க வேண்டும். இங்கே கூரைச் சட்டங்கள் வழமையாக 16 அங்குல இடைவெளியில் நிற்கும். உள்ளே நன்றாக உலர விடுங்கள். நாங்கள் மின்விசிறி வைத்து நான்கு நாள் காத்திருந்தோம். அவசரப்பட்டு மூடினால் கரும்பூஞ்சை பிடிக்கும். பிறகு அதே தடிப்பில், எங்கள் வீட்டில் அரை அங்குலம், புதுப் பலகை வெட்டித் திருகாணியால் பொருத்தி, மூட்டில் காகித நாடா ஒட்டி, பூச்சுக் களிம்பு பூசினேன். மூன்று தடவை, ஒவ்வொன்றும் மெல்லியதாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. தோசை வார்த்த கைக்கு அது பழகிய வேலை: அழுத்தாமல், ஒரே இழுப்பில்.

அந்த வருடம் கற்றவை வேறும் உண்டு. நம் சமையலுக்கும் இந்த நாட்டுக் குழாய்களுக்கும் உள்ள பகை பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகையிலேயே உறையத் தொடங்கும். ஊரில் அது வடிந்து போய்விடும். இங்கே குளிர்ந்த குழாய்க்குள் மெழுகாகி, சோற்றுப் பருக்கையையும் தேங்காய்ப்பூவையும் பிடித்துக்கொண்டு கல்லாகிவிடுகிறது. சட்டியைக் கழுவுமுன் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். அடைத்துவிட்டால், கடையில் விற்கும் இரசாயனத்தை ஊற்றாதீர்கள். சமையலறைத் தொட்டிக்குக் கீழே வளைந்திருக்கும் குழாயின் அடியில் வாளியை வைத்து, இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக் மூட்டுகளையும் கையாலேயே திருகிக் கழற்றலாம். ரப்பர் வாஷர் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று முதலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இரசாயனம் ஊற்றியிருந்தால் மட்டும் கழற்ற வேண்டாம், கையையும் கண்ணையும் எரித்துவிடும்.

கழிப்பறைத் தொட்டி இரவில் தானாக இரைகிறதா? மேல் தொட்டிக்குள் கொஞ்சம் கேசரிக் கலரைக் கரைத்து, இருபது நிமிடம் யாரையும் போகவிடாதீர்கள். கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால், அடியில் இருக்கும் ரப்பர் மூடி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பின்னால் உள்ள சிறு குழாயின் வால்வை மூடி, தொட்டியை வெறுமையாக்கி, பழையதை இரண்டு காதுகளிலிருந்தும் கழற்றிப் புதியதை மாட்டினால் சரி. சங்கிலி கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். பத்து நிமிட வேலை. தண்ணீர்க் கட்டணம் குறைவதை அடுத்த பில்லில் பார்ப்பீர்கள்.

குளியல் தொட்டியின் ஓரத்துச் சிலிக்கனைப் புதுப்பிப்பதாக இருந்தால் பழையதை முழுவதும் சுரண்டி எடுங்கள், பழையதின் மேல் புதியது ஒட்டாது. பூசுமுன் தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிடுங்கள். பாரத்தில் தொட்டி இறங்கி நிற்கும்போது பூசினால்தான் பின்னர் வெடிக்காது.

எரிவாயுவில் மட்டும் கை வைக்காதீர்கள். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் அது உரிமம் பெற்றவர்களின் வேலை. மின்கம்பி வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கும் முன் அனுமதி எடுக்க வேண்டும். வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸ் உள்ள இடத்தில் படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் இருப்பது சட்டம். அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மிளகாய் வறுக்கும்போது சத்தம் போடுகிறது என்று நினைத்து அதைக் கழற்றி வைத்த ஒரு வீட்டை நான் பார்த்தேன். சத்தம் போட்டது அதன் பக்கத்தில் இருந்த புகை அலாரம். அன்றே திரும்ப மாட்டவைத்துவிட்டுத்தான் வந்தேன்.

இப்போது ஐப்பசி பிறந்ததும் எங்கள் வீட்டில் ஒரு வேலை உண்டு. தோட்டக் குழாயைக் கழற்றிச் சுருட்டி வைக்கிறோம். உள்ளே இருக்கும் தனி வால்வை நான் மூடுகிறேன். மகள் வெளியே போய் முற்றத்துக் குழாயைத் திறக்கிறாள். அந்த வால்வின் பக்கத்தில் விரல் நுனியளவு ஒரு சிறு மூடி இருக்கிறது. அதைத் திருகினால் குழாயில் தங்கிய மிச்சத் தண்ணீர் வடியும். அம்மா கீழே குவளையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். குவளை அரைவாசி நிறையும். வெளிக் குழாயை வசந்தம் வரும்வரை திறந்தே விடுகிறோம்.