ஃபிரெட் வில்லியம்ஸின் புள்ளிகளைத் தகட்டில் போட்டுப் பார்த்தேன்

மெல்பர்னிலிருந்து ஜீலாங் போகும் நெடுஞ்சாலையில் வலது பக்கம் பார்த்தால், தட்டைச் சமவெளிக்கு நடுவே கருங்கல் குன்றுகள் திடீரென்று எழுந்து நிற்கும். அவைதான் யூ யாங்ஸ். 1960களின் தொடக்கத்தில் ஃபிரெட் வில்லியம்ஸ் அங்கே போய் வரைந்த தொடர் ஆஸ்திரேலிய நிலக்காட்சி ஓவியத்தையே வேறு திசைக்குத் திருப்பியது. காவி நிறத்தில் ஒரு தளம், அதன்மேல் அங்கங்கே குட்டிக் குட்டித் திட்டுகள், வானம் கிடையாது. பார்க்கிற யாருக்கும் ‘இதை நானே போடுவேனே’ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. வண்ணத்தில் சிலமுறை முயன்றேன். வந்ததெல்லாம் புள்ளி வைத்த காகிதம்தான், நிலம் வரவில்லை.

அதனால் இந்த வருடம் வழியை மாற்றிக்கொண்டேன். வில்லியம்ஸ் ஓவியர் மட்டுமில்லை, வாழ்நாள் முழுக்க எட்சிங் போட்டவர். செப்புத் தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரித்து, அதில் மை ஏற்றி அச்செடுப்பதுதான் எட்சிங். அவர் கேன்வாஸில் செய்த பல விஷயங்கள் செப்புத் தகட்டில் பிறந்தவை என்று ஓவிய வரலாற்றாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அது எப்படி என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, ஊசியைக் கையில் பிடித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று தோன்றியது. அக்கம்பக்கத்தில் வாடகைக்கு பிரஸ் தரும் ஓர் அச்சுப் பட்டறை இருக்கிறது. சனிக்கிழமைகள் அங்கே போகத் தொடங்கின.

ஆள் யார் என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1927-ல் மெல்பர்னின் ரிச்மண்ட் பகுதியில் பிறந்தவர். 14 வயதில் பள்ளியை விட்டுவிட்டு, கடைகளுக்கு அலமாரியும் பெட்டியும் செய்து தரும் ஒரு நிறுவனத்தில் தொழில் பழகினார். 1943-ல் நேஷனல் கேலரி ஓவியப் பள்ளியில் சேர்ந்து பழைய முறைப்படி உருவம் வரையக் கற்றார். அப்புறம் ஜார்ஜ் பெல்லிடம் நவீன ஓவியம். 1950களின் முதல் பாதியை லண்டனில் கழித்தார். படங்களுக்குச் சட்டம் அடிக்கும் கடையில் வேலை, செல்சி ஓவியப் பள்ளியில் பகுதிநேரப் படிப்பு. மியூசிக் ஹால் எனப்படும் பாட்டும் வேடிக்கையும் நடக்கும் அரங்குகளில் உட்கார்ந்து ஓயாமல் கோட்டுச் சித்திரம் போடுவது பழக்கம். 1954-ல் அங்கேயே சென்ட்ரல் ஸ்கூல் என்ற கலைப் பள்ளியில் எட்சிங் கற்றுக்கொண்டபோது அந்தச் சித்திரங்கள்தான் தகட்டில் ஏறின. ஆகவே அவருடைய ஆரம்பகால அச்சுகளில் பாடகிகளும் வித்தைக்காரர்களும்தான் இருப்பார்கள், தைலமரம் ஒன்றுகூட இருக்காது.

1956 இறுதியில் ஊர் திரும்பியவருக்கு, விட்டுப்போன நிலம் புதிதாகத் தெரிந்திருக்கிறது. தைலமரத்தை வரையப்போகிறேன் என்று முடிவெடுத்தார். அந்தக் காலத்துக்கு அது கொஞ்சம் விவரமில்லாத முடிவு. ஹான்ஸ் ஹேசன் போன்றவர்கள் தைலமரத்தைக் கம்பீரமாக வரைந்து தள்ளி, அது நாள்காட்டிப் படமாகவே ஆகிவிட்டிருந்தது. மெல்பர்னின் புதிய தலைமுறை மனித உருவத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. 1959-ல் அந்த உருவ ஓவியர்களின் ஆன்டிபோடியன்ஸ் குழு காட்சி வைத்தபோது நண்பர் ஜான் பிராக் அதில் இருந்தார், வில்லியம்ஸ் இல்லை.

சரி, தகட்டுக்கு வருகிறேன்.

ட்ரைபாயிண்டில்தான் தொடங்கினேன். அமிலமே தேவையில்லாத முறை. கெட்டியான எஃகு ஊசியால் தகட்டை நேரடியாகக் கீற வேண்டும். உழும்போது மண் இருபுறமும் ஒதுங்குகிற மாதிரி உலோகம் கோட்டின் ஓரத்தில் பிசிறாக எழும். மை அந்தப் பிசிறில் தங்குவதால் கோடு வெல்வெட் போலப் படர்ந்து கறுப்பாக விழும். ஆரம்பத்தில் மலிவு என்று அக்ரிலிக் தகட்டில் செய்தேன். கோடு வருகிறது, ஆனால் பிசிறு பலவீனம், சில அச்சுகளிலேயே பிரஸின் அழுத்தத்தில் நசுங்கிவிடுகிறது. செம்பு கொஞ்சம் தாங்கும். என்றாலும் ட்ரைபாயிண்ட் என்றாலே ஒரு தகட்டிலிருந்து நல்ல அச்சு ஒன்றிரண்டு டஜனுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

செம்பில் கீறியபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. ஊசிக்கு வளைவு பிடிக்காது. வளைக்கும்போது முனை பிசிறில் சிக்கி வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். நேரான சின்னக் கீறல் அதற்குச் சுலபம். ஒரே இடத்தில் அழுத்தித் திருகுவது அதைவிடச் சுலபம். அப்படித் திருகிய இடத்தில் மை குட்டையாகத் தேங்கி ஒரு கரும்புள்ளி விழுகிறது. அடிமரத்துக்கு ஒரு கீறல், தழைக்கு ஒரு திருகல். நான் எந்த முடிவும் எடுக்காமலே தகட்டில் வில்லியம்ஸின் மரம் வந்து நின்றது. அவர் மரத்தை எளிமைப்படுத்தினார் என்று எழுதுவார்கள். அதில் பாதி வேலையைச் செம்பே செய்து கொடுத்திருக்கிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று மை துடைப்பது. தகடு முழுக்க மையைப் பூசி, கஞ்சி போட்ட வலைத்துணியால் வட்டமாகத் துடைத்து எடுக்க வேண்டும். பளிச்சென்று துடைத்தால் கோடு மட்டும் அச்சாகும். கொஞ்சம் விட்டுவைத்தால் ஒரு மெல்லிய மங்கல் தகடு முழுக்கச் சீராகப் படியும். இந்த மங்கலுக்கு மேல் கீழ் தெரியாது. வானம், தரை என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே தளமாக்கிவிடும். கறுப்பில் கொஞ்சம் பழுப்பு கலந்து, துடைப்பதைப் பாதியில் நிறுத்திப் பார்த்தேன். பிரஸிலிருந்து ஈரக் காகிதத்தை உரித்து எடுத்தபோது யூ யாங்ஸ் கேன்வாஸ்களின் அந்தக் காவித் தளம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஆழமான பள்ளத்திலிருந்து வரும் மை காகிதத்தின்மேல் லேசாகப் புடைத்து நிற்கும், விரலால் தடவினால் தெரியும். அவருடைய எண்ணெய் ஓவியங்களிலும் இதுதானே நடக்கிறது? மெல்லிய, வழவழப்பான தளம். அதன்மேல் தடித்துப் புடைத்த வண்ணத் திட்டு. வண்ணத்தில் நான் முயன்றபோது தளத்துக்கும் திட்டுக்கும் ஒரே கனம் கொடுத்திருந்தேன். நிலம் வராததற்குக் காரணம் அங்கே இருக்கிறது.

வீட்டில் அச்சுகளைக் காயவைக்கக் கொடி கட்டியிருக்கிறேன். மகள் பார்த்துவிட்டு, “அப்பா, இது மரமா எறும்பா?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். புள்ளிகளின் இடைவெளி ஒரே மாதிரி இருந்தால் எறும்பாகத்தான் தெரியும். அதைச் சரிசெய்ய நேரில் போய்ப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

யூ யாங்ஸில் பிளிண்டர்ஸ் பீக் என்ற உச்சிக்கு நல்ல படிக்கட்டு போட்டிருக்கிறார்கள். அது வதவுரங் மக்களின் பூர்வீக நிலம். உச்சியிலிருந்து தெற்கே பார்த்தால் சமவெளி நம்மை நோக்கிச் செங்குத்தாக நிமிர்ந்து நிற்பது போலத் தெரிகிறது. தொடுவானத்தைத் தேடிக் கண் போவதே இல்லை. மரங்கள் சீராக இறைந்து கிடக்கவில்லை. வேலி ஓரமாக ஒரு வரிசை, நீர் தேங்கும் பள்ளத்தைச் சுற்றி ஒரு நெருக்கம், அப்புறம் நெடுந்தூரத்துக்கு வெறுமை, அதன் நடுவே காரணமே தெரியாமல் ஒற்றை மரம். வில்லியம்ஸ் வெளியிடங்களில் பெரும்பாலும் கூவாஷ் என்ற, அடி தெரியாமல் மூடும் நீர்வண்ணத்தில் வரைவார். அது சட்டென்று காய்ந்துவிடும். பிறகு அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு வீட்டில் எண்ணெய் வண்ணமும் எட்சிங்கும். நானும் கூவாஷ் டப்பாக்களோடு போனேன். மேலே அடிக்கிற காற்றில் வண்ணம் காகிதத்தில் காய்வதற்குள் தட்டிலேயே காய்ந்தது. ஆனாலும் இடைவெளிகளைக் குறித்துக்கொண்டு வர முடிந்தது. எனக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

அடுத்து அக்வாடிண்ட். பைன் மரப் பிசினைப் பொடியாக்கித் தகட்டில் தூவி, அடியிலிருந்து சூடு காட்டி ஒட்டவைத்து, அமிலத்தில் இறக்குவது. பிசின் துகள்களுக்கு இடையில் உள்ள செம்பை மட்டும் அமிலம் அரிக்கும், அந்தச் சொரசொரப்பில் மை பிடித்துச் சாம்பல் நிறம் கிடைக்கும். பட்டறையில் ஃபெர்ரிக் குளோரைடுதான் பயன்படுத்துகிறார்கள். நைட்ரிக் அமிலம் போலப் புகை கிளப்பாது. ஆனால் அரித்த கசடு கோட்டுக்குள்ளேயே படியும், அதனால் தகட்டைக் கவிழ்த்துப் போட வேண்டும். நேரம் கூடக்கூட நிறம் அடர்த்தியாகும். போதும் என்ற இடத்தில் வார்னிஷ் பூசி மூடிவிட்டு மறுபடி இறக்கலாம். பிசின் தூவும்போது முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

வில்லியம்ஸ் ஒரே தகட்டில் எட்சிங், அக்வாடிண்ட், எங்க்ரேவிங் (உளியால் செதுக்குவது), ட்ரைபாயிண்ட் என்று நாலையும் சேர்த்துவிடுவார். ஓர் அச்சு எடுத்துப் பார்ப்பது, தகட்டில் மேலும் வேலை செய்வது, மறுபடி அச்சு எடுப்பது. ஒவ்வொரு கட்டத்தையும் ‘ஸ்டேட்’ என்பார்கள். ஒரே தகட்டின் வெவ்வேறு ஸ்டேட்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவர் எங்கே தயங்கினார், எதைச் சுரண்டி எடுத்தார் என்பது வரை தெரியும். ஓவியத்தில் இந்த வசதி கிடையாது, முந்தைய நிலை வண்ணத்துக்கு அடியில் புதைந்துவிடும். என் தகட்டிலும் மூலையில் இருந்த ஒரு நெருக்கமான கூட்டத்தைச் சுரண்டி வழவழப்பாக்கினேன். முழுதாகப் போகவில்லை. தேய்ந்த தடம் ஒன்று மங்கலாக அச்சாகிறது. அந்த மூலைதான் இப்போது படத்திலேயே எனக்குப் பிடித்த இடம். தகட்டைத் தலைகீழாகவும் அச்சிட்டுப் பார்த்தேன். படம் உடையவில்லை. வானம் இல்லாத நிலத்துக்கு அது பெரிய சௌகரியம்.

அவருடைய மற்ற காலகட்டங்களைப் பற்றி ஓரிரு வார்த்தை. 1961-ல் லின்னைத் திருமணம் செய்துகொண்டார். 1963-ல் டாண்டெனாங் மலைப்பகுதியில் உள்ள அப்வேயில் குடியேறினார்கள். அங்கே வரைந்த அப்வே தொடரில் தொடுவானம் திரும்பி வருகிறது, ஆனால் படத்தின் உச்சியில் ஒரு நூல் போல. அந்தத் தொடரின் ஓர் ஓவியத்துக்கு 1966-ல் நிலக்காட்சி ஓவியத்துக்கான வின் பரிசு கிடைத்தது. 1968-ல் காட்டுத்தீ அந்த வீட்டுக்கு மிக அருகில் வந்துபோனது. கருகிய மரங்களும் அதன்பின் துளிர்த்த பெரணிகளும் உடனே கூவாஷ் தொடராயின. 1977-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் காட்சி வைத்தது. அங்கே தனிக் காட்சி பெற்ற முதல் ஆஸ்திரேலியர் அவர். கடைசியாக மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா. சுரங்க நிறுவனத் தலைவர் ராட் கார்னகியின் அழைப்பில் 1979-ல் போய் கூவாஷில் வரைந்ததை 1981-ல் எண்ணெய் வண்ணத்தில் செய்தார். அந்தச் செம்மண்ணும் ஊதாவும் இப்போது விக்டோரியா தேசிய காட்சியகத்தில் இருக்கின்றன. 1982-ல், 55 வயதில், நுரையீரல் புற்றுநோயில் இறந்துபோனார். பில்பராவைப் பெரிதாகக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது கொஞ்சம் அழகு கூடிப்போன தொடர். யூ யாங்ஸின் கஞ்சத்தனம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போதைய நிலவரம்: முதல் செப்புத் தகட்டில் பிசிறு தேய்ந்து கோடுகள் மெலிந்துவிட்டன. அதே கீறல்களை மறுபடி ஆழப்படுத்துவதா, மெலிந்தபடியே விட்டு மேலே ஓர் அக்வாடிண்ட் போடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவதன் பக்கம்தான் மனம் போகிறது. அடுத்த தகட்டுக்குக் குறுகலான நீளப் பட்டையாகச் செம்பு வெட்டித்தரச் சொல்லியிருக்கிறேன். ஓரங்களை அரத்தால் சாய்வாகத் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் பிரஸின் கம்பளத்தைக் கிழித்துவிடும். அதில் அப்வேயின் அந்த நூல் தொடுவானத்தை முயலப்போகிறேன். உச்சியில் அவ்வளவு மெல்லிய கோட்டை ட்ரைபாயிண்டில் போட்டால் படர்ந்துவிடும், எட்சிங்தான் சரிவரும்.