முதலில் கணவனுக்கு டெஸ்ட் எடுங்கள்

எங்களுக்குக் குழந்தை தங்கவில்லை என்று கல்யாணமாகி ரெண்டாவது வருஷத்திலிருந்தே என் மனைவிக்குத்தான் எல்லா டெஸ்ட்டும். தைராய்டு, சர்க்கரை, கருமுட்டை வளருதான்னு மாசாமாசம் ஸ்கேன், கடைசியில் கருக்குழாய் அடைப்பு பார்க்கிற எச்எஸ்ஜி. அந்த எக்ஸ்ரே எடுத்த அன்னைக்கு வலி தாங்காமல் ஆட்டோவில் சுருண்டு உட்கார்ந்து வந்தாள். எல்லாமே நார்மல். அந்தத் தனியார் மருத்துவமனையில் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பி எதுவும் கேட்கவில்லை. எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை.

எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் நர்ஸ் அக்கா ஒருத்தர் இருக்கிறார். அவர்தான் கேட்டார்: "ஏம்பா, உன்னுத பாத்தாங்களா?"

குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கும். விந்து பரிசோதனையில் ஊசி கிடையாது, வலி கிடையாது, செலவும் கம்மி. இதை விட்டுவிட்டு எச்எஸ்ஜிக்குப் போவது என்ன நியாயம்?

டெஸ்ட்டுக்கு முன் குறைந்தது 2 நாள், அதிகபட்சம் 7 நாள் உறவோ சுய இன்பமோ இருக்கக் கூடாது. லேபிலேயே தனி ரூம் தருவார்கள். எனக்கு அங்கே முடியவில்லை. வீட்டில் எடுத்துவரலாம் என்று டப்பா கொடுத்தார்கள். சோப்பு, எண்ணெய், சாதாரண காண்டம் எதுவும் கூடாது. முதலில் வரும் சொட்டில்தான் அணுக்கள் அதிகம், அது சிந்தினால் கணக்கே தப்பாகிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், சூடும் ஆறக் கூடாது. டப்பாவைச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு, எம்.சி. ரோடு கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வண்டியில் போனேன்.

ரிப்போர்ட்டில் ஒரு மில்லி விந்துக்கு 70 லட்சம் அணுக்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டில் கீழ் எல்லை 1.6 கோடி. அசைகிற அணுக்கள் 42 சதவீதமாவது இருக்கணும், எனக்கு அதுவும் கம்மி. சரியான வடிவம் மட்டும் 4 சதவீதம் இருந்தாலே போதும். அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். ஒரு வருஷத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை அளந்து எடுத்த எண்கள் இவை. இதற்குக் கீழே இருந்தும் அப்பா ஆனவர்கள் உண்டு.

ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒரு நல்ல காய்ச்சல் வந்து போனாலே ரெண்டு மூணு மாசத்துக்குக் கவுண்ட் இறங்கும். அணு உருவாகி முழுசாக வர ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும். மறுபடி எடுத்ததிலும் குறைவுதான் வந்தது. ஸ்டான்லி ஆஸ்பத்திரி யூராலஜிக்குப் போனேன்.

டாக்டர் நிற்க வைத்து, மூச்சை அடக்கி முக்கச் சொன்னார். இடப் பக்க விதைக்கு மேலே ரத்தக்குழாய்கள் புழு மூட்டை மாதிரி கைக்குத் தட்டுப்பட்டன. வெரிகோசீல். அங்கே ரத்தம் தேங்கிச் சூடு ஏறும். விதைக்கோ உடம்பைவிடக் குளிர்ச்சி வேண்டும். பெரும்பாலும் இடப் பக்கம்தான் வரும், வலியே இல்லாமலும் இருக்கும். இப்படிக் கைக்குத் தெரிந்து, ரிப்போர்ட்டும் குறைவாக இருந்தால்தான் ஆபரேஷன். ஸ்கேனில் மட்டும் தெரிகிற சின்ன வீக்கத்துக்கு வேண்டாம் என்றார். ஜிம்முக்குப் போகிற தம்பிகள் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும் என்றும் சொன்னார். "பீடி, சிகரெட், குட்கா உண்டா?" பீடி உண்டு. அன்றோடு விட்டேன். நான் மணலியில் வெல்டிங் வேலை. அனலில் தொடர்ந்து நிற்காமல் நடுநடுவே விலகச் சொன்னார்.

அம்மாவிடம் சொன்னபோது, "எம்புள்ளைக்கு இன்னா கொற?" என்று கத்தினார். ரிப்போர்ட்டை எடுத்து வைத்து, "அவ மேல ஒரு குத்தமும் இல்லமா, எனக்குத்தான் வைத்தியம்" என்றேன். என் மனைவி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி நெடுநாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டாள்.

அடிவயிற்றுக்குக் கீழே சின்னக் கீறல், வீங்கின ரத்தக்குழாய்களைக் கட்டிவிட்டார்கள். எல்லாருக்கும் பலன் கிடைக்கும் என்று டாக்டர் உறுதி தரவில்லை. மூணு மாசம் பொறுத்து எடுத்த ரிப்போர்ட்டில் 1.8 கோடி, அசைவும் கூடியிருக்கிறது. இன்னும் கொஞ்ச மாதம் இயற்கையாகவே முயற்சி செய்யுங்கள், தங்காவிட்டால் ஐயுஐ (விந்தணுவைக் கருப்பைக்குள் நேராகச் செலுத்துவது) பார்க்கலாம் என்றிருக்கிறார். போன வாரம் மச்சான் போன் பண்ணினார், அவருக்கும் ஒன்றரை வருஷமாகக் குழந்தை இல்லை. லேபுக்கு நானே கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.